தாங்கும் வாரின் அறம்: படைக்கலப் பழுதுநீக்கமும் வினைப்பயனும்

ஓர் உயிர் படைக்கலத்தால் மாயும்போது அந்த வினையின் பயன் எவரைச் சேரும் என்ற கேள்விக்கு, ஏவியவரையும் எய்தவரையும் சுட்டி விடை சொல்லிவிடுவது எளிது. ஆனால் படைக்கலம் எய்பவரின் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இரும்பை உருக்கியவர், குழலைக் கடைந்தவர், கட்டையைச் செதுக்கியவர், விற்றவர், பழுதுபார்த்தவர் என்று பலருடைய உழைப்பு அதில் கலந்துவிடுகிறது. ஆதலால் வினைப்பயன் இந்த வரிசையில் எதுவரை பின்னோக்கிச் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது இந்தியச் சமயங்கள் பலவும் தத்தம் முறையில் ஆராய்ந்த வினாவாகும். இந்த வினாவின் கூர்மையை உணர, அவ்வரிசையில் மிக எளியதாகத் தோன்றும் ஓரிடத்தை எடுத்துக்கொள்வது நல்லது. நீண்ட குழலுடைய துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ள உதவும் வாரும், அந்த வாரைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையமும் அத்தகையவை. அவை சுடுவதில்லை, குறிபார்ப்பதில்லை, தோட்டாவைத் தொடுவதுமில்லை. ஆயினும் அவை இல்லாமல் ஒரு காவலரோ படைவீரரோ துப்பாக்கியை நாள் முழுவதும் சுமந்து திரிய இயலாது. அவற்றைப் பொருத்திக் கொடுப்பவரும் பழுதுநீக்கிக் கொடுப்பவரும் அறத்தின் முன் எங்கே நிற்கிறார்கள் என்பதை, உயிரைக் கவரவந்த கயிற்றின் தழும்பைத் தன் மூலவரின் திருமேனியிலேயே காட்டும் திருக்கடையூரின் மரபைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்கடையூர் துப்பாக்கியை அறியாத வட்டாரத்தில் அமைந்த ஊர் அன்று. மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி வட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்குத் தென்கிழக்கே, நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845இல் ஆங்கிலேயக் கும்பினிக்கு விலைக்குக் கைமாறும்வரை அக்கோட்டையின் காவலர்கள் நீள்குழல் துப்பாக்கிகளைத் தோளில் தாங்கியே காவல் சுற்றினர். பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சியும் அதன் வழிவந்த காவல்துறையும் 303 என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட லீ என்ஃபீல்டு துப்பாக்கியை ஊர்தோறும் கொண்டுசென்றன. வங்காளத்து ஈசாப்பூரில் செய்யப்பட்ட அத்துப்பாக்கிகள் பல பத்தாண்டுகள் தமிழகக் காவலர்களின் தோள்களில் தொங்கின. 1966இல் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையோ, காவிரி பாயும் நிலத்திலேயே துப்பாக்கிகளைச் செய்துவருகிறது. ஆகவே துப்பாக்கியின் வாரைப் பற்றிய அறக்கேள்வி நெல்விளையும் இந்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த கேள்வி அன்று.

கேள்வியை ஆராயுமுன் பொருளை உற்று நோக்க வேண்டும். காவல்துறையிலும் படைப்பிரிவுகளிலும் ‘ஸ்லிங்’ என்றே வழங்கும் தோள்வார், துப்பாக்கியில் இரண்டு இடங்களில் பிணைக்கப்படுகிறது. முன்பக்கப் பிணைப்பு, குழலையும் அதன் அடியிலுள்ள மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டையில் தொங்கும் வளையமாகும். பின்பக்கப் பிணைப்பு, தோளில் அணைத்துக்கொள்ளும் அடிக்கட்டையின் கீழ்ப்புறத்தில் திருகாணிகளால் இறுக்கப்பட்ட சிறு தகட்டிலிருந்து தொங்கும் மற்றொரு வளையமாகும். இரண்டும் முன்னும் பின்னும் அசைந்து கொடுக்கும் சுழல்வளையங்கள். அவ்வாறு அசையாவிட்டால் சுமப்பவர் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் வார் முறுக்கிக்கொண்டு மரத்தைப் பிளக்க முயலும். லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4 கிலோ. இந்த எடை முழுவதும், நடையின் குலுக்கலால் பெருகி, கடைசியில் வந்து தங்குவது விரல் நீளத்துக்கும் குறைந்த இரண்டு திருகாணிகளின் மரைகளிலும் விரல் கனமும் இல்லாத ஒரு வளையத்திலும்தான்.

இப்பிணைப்பு கெடுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது மரம்: கடற்காற்றின் ஈரமும் துப்பாக்கிக்குப் பூசும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் ஊறி, திருகாணியைச் சுற்றிய நார்களை மெலியச் செய்து, துளை அகன்று, திருகாணி கையாலேயே பிடுங்க வரும் நிலையை உண்டாக்கும். இரண்டாவது இரும்பு: வளையம் தொங்கும் ஆணி உராய்ந்து தேய்வதோடு, வளையத்தின் உட்புறமும் வார் படும் இடத்தில் மெலிந்துபோகும். மூன்றாவது தோல்: தையல் நூல் இற்றுப்போவதும், பித்தளைக் கொளுவி தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு படர்ந்து தோலைத் தின்பதும் பழைய வார்களில் எங்கும் காணப்படுபவை. பழுதுபார்க்கும் கைவினைஞர் முதலில் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணால் கண்டு, விரலை விட்டும் தொட்டு உறுதி செய்துகொள்கிறார். பிறகு எண்ணெய் ஊறிக் கறுத்த மரத்தை நல்ல மரம் தெரியும்வரை குடைந்தெடுத்து, வைரம் பாய்ந்த மரத்தில் கடைந்த முளையைப் பசையிட்டு அடைத்து, அது முற்றும் காய்ந்த பின்னரே திருகாணியின் பருமனைவிடக் குறுகலான துளையிட்டு, மெழுகு தடவிய திருகாணியை மெல்ல முறுக்கி இறக்குகிறார். இரட்டைக்குழல் துப்பாக்கியின் நடுப்பட்டையில் வளையத்தின் அடியைப் பற்றவைக்க நேர்ந்தால், அப்பட்டையைக் குழல்களோடு சேர்த்து வைத்திருக்கும் ஈயப்பற்று உருகிவிடாத அளவுக்குச் சூட்டை அடக்கிக்கொள்கிறார். இறுதியில் வாரை மாட்டி, துப்பாக்கியின் எடையைவிடக் கூடுதலான இழுப்பைக் கொடுத்து, பிணைப்பு அசையாமல் நிற்பதைக் கண்ட பின்னரே அதை உரியவரிடம் ஒப்படைக்கிறார்.

இப்பணியின் ஒவ்வொரு படியிலும் அறத்தைத் தொடும் ஒரு பொருள் இருக்கிறது. மருந்து கெட்டித்த பழைய நாட்டுத் துப்பாக்கியில், வெடிப்புத் தொப்பியின்மேல் குதிரை படிந்திருக்கும் நிலையில் வார்வளையம் கழன்று துப்பாக்கி தரையில் விழுந்தால், விசையை எவரும் தொடாமலேயே அது வெடிக்கக்கூடும். அப்படி ஓர் உயிர் போனால், கொல்லும் எண்ணம் கொண்டவர் எவரும் இல்லாமலேயே ஒரு கொலை நிகழ்ந்துவிடுகிறது. எண்ணமே வினையின் வேர் என்று கொள்ளும் சமயங்களுக்கு இத்தகைய சாவு ஒரு கடினமான வழக்கு. எண்ணியவர் இல்லை என்பதால் பொறுப்பேற்பவரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தளர்ந்த திருகாணியைத் தளர்ந்தது என்று அறிந்தும் விட்டுவிட்டவர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆகவே வார்வளையத்தைச் செப்பம் செய்பவரின் பணி, படைக்கலம் ஏந்துபவரின் எண்ணத்தை மீறித் தானே செயல்படாமல் காப்பதையும் தன்னுள் கொண்டது.

சட்டம் இக்கேள்விக்குத் தன் விடையைத் தெளிவாகவே தந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், படைக்கலத்தின் உறுப்புகளையும் படைக்கலம் என்றே வரையறுக்கிறது. பீரங்கியை ஏற்றிச் செல்லும் வண்டியையும் அது நிற்கும் மேடையையும்கூடச் சுடுகலன் என்னும் வகைக்குள் அடக்குகிறது. வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே செய்யப்பட்ட கருவிகளை விலக்கிவிடுகிறது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு, படைக்கலத்தைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமின்றிப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. ஆனால் சட்டம் கேட்பது அரசின் இசைவு இருக்கிறதா என்பதையே. இசைவு பெற்றவர் செய்ததனாலேயே ஒரு வேலை அறமாகிவிடுமா என்பது சட்டத்தின் எல்லைக்கு அப்பால் நிற்கும் கேள்வி. அதற்குச் சமய நூல்களிடமே செல்ல வேண்டும்.

அவற்றுள் மிகக் கண்டிப்பான விடையைச் சொல்பவை, ஒரு காலத்தில் இக்காவிரிப் படுகையிலேயே செழித்திருந்த பௌத்தமும் சமணமும். புத்தரின் உரைகளாகப் போற்றப்படும் பாலித் தொகுப்புகளுள் ஒன்றான அங்குத்தர நிகாயம், இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வாணிகங்களுள் படைக்கல வாணிகத்தை முதலில் வைக்கிறது. உயிர்களை விற்பதும், இறைச்சி, கள், நஞ்சு ஆகியவற்றை விற்பதும் அதன்பின் வருகின்றன. சமணமோ இன்னும் நுணுகிச் செல்கிறது. இல்லறத்தார்க்குரிய நோன்புகளுள் பயனின்றித் தீங்கு செய்வதை விலக்கும் நோன்பு ஒன்று. கொலைக்கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பது அந்நோன்பை முறிக்கும் குற்றங்களுள் அடங்கும். தத்துவார்த்த சூத்திரத்துக்குப் பூச்சியபாதர் எழுதிய சர்வார்த்தசித்தி என்னும் உரை, அத்தகைய கருவிகளை எண்ணும்போது நஞ்சு, முள், படைக்கலம், தீ ஆகியவற்றோடு கயிற்றையும் சாட்டையையும் கோலையும் சேர்த்தே எண்ணுகிறது. கயிறு தானாக எவரையும் கொல்வதில்லை என்றாலும், கொலைக்குத் துணைபோகும் பொருள் அது என்பதை அறிந்து கொடுப்பவர் அக்குற்றத்துக்கு ஆளாகிறார் என்பதே இதன் கருத்து. இதே அளவுகோலைக் கொண்டு பார்த்தால், துப்பாக்கியின் வார் சுடாது என்று சொல்லித் தப்ப எவருக்கும் இடமில்லை. திருக்குறளும் புலால் மறுத்தலைச் சொல்லும் அதிகாரத்தில், தின்பதற்காக வாங்குவோர் இல்லையானால் விற்பதற்காகக் கொல்வோரும் இல்லாமற்போவர் என்னும் வழியில், வினைப்பயன் ஒருவரிடம் மட்டும் நின்றுவிடாமல் வரிசை நெடுகப் பரவுவதை உணர்த்துகிறது.

ஆயினும் அதே திருக்குறள், கொலைசெய்யும் கொடியோரை அரசன் தண்டிப்பதைப் பசும்பயிருக்குள் களையெடுப்பதோடு ஒப்பிட்டுச் செங்கோன்மையின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. தண்டிக்கும் அதிகாரம் இருக்குமிடத்தில் படைக்கலமும் இருக்கும். படைக்கலம் இருக்குமிடத்தில் அதைச் செப்பம் செய்யும் கொல்லரும் இருந்தே தீர வேண்டும். சங்கப் பாடல்கள் இக்கொல்லருக்கு மதிப்பான இடம் தந்துள்ளன. புறநானூற்றின் 312ஆம் பாடல், பெற்றுக் காத்தல் தாய்க்கும், சான்றோன் ஆக்குதல் தந்தைக்கும் கடமையாவதுபோல வேலை வடித்துக் கொடுத்தல் கொல்லனுக்குக் கடமை என்று ஒரே வரிசையில் அவனை நிறுத்துகிறது. 95ஆம் பாடலில் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், மயிற்பீலியும் மாலையும் சூடி நெய்பூசிக் காவல்மனையில் கிடக்கும் தொண்டைமானின் படைக்கலங்களைக் காட்டி, அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பழுதுபார்க்கும் பட்டறை அங்கே வீரத்தின் சான்றாகிறது. கடமையை ஏற்பது ஒரு மரபு, கருவியையே மறுப்பது மற்றொரு மரபு. தமிழ் இரண்டையும் தன்னுள் வைத்திருக்கிறது என்பதே இவ்வினாவை எளிதில் முடிக்கவிடாத காரணம்.

இவ்விரு மரபுகளுக்கும் இடையில் வழிகாட்டவல்லது சைவசித்தாந்தத்தின் காரணக் கோட்பாடு. எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் உண்டு என்பது அக்கோட்பாடு: குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம், அதாவது அறிந்து செய்பவர். இவற்றுள் அறிவு குயவருக்கே உரியதாதலின் குடத்தின் செம்மைக்கும் கோணலுக்கும் அவரே பொறுப்பு. தண்டைக் குறைசொல்வார் இல்லை. இதைத் துப்பாக்கிக்குப் பொருத்தினால் துப்பாக்கியும் அதன் வாரும் துணைக்காரணத்தில் அடங்கும், அவற்றுக்கு வினையில்லை. ஆனால் வாரைப் பொருத்தியவர் அறிவுடைய உயிர். சுடுதல் என்னும் காரியத்தில் அவர் நிமித்தகாரணம் அல்லர். பொருத்துதல் என்னும் காரியத்திலோ அவரே நிமித்தகாரணம். எனவே அவருக்குரிய வினை ஒன்று தனியே இருக்கிறது. அது சுட்டவரின் வினையின் ஒரு துண்டாக வெட்டி அவருக்குத் தரப்படுவதன்று. ஒருவர் தம் மனம், மொழி, மெய்களால் இப்போது புதிதாக ஈட்டிக்கொள்ளும் வினையைச் சித்தாந்தம் ஆகாமியம் என்கிறது. கைவினைஞரின் ஆகாமியம் அவர் எதை அறிந்து, எந்த மனத்தோடு, எவருக்காக அந்தத் திருகாணியை முறுக்கினார் என்பதைப் பொறுத்தே அமையும். பகவத்கீதையின் பதினெட்டாம் இயலும் ஒவ்வொரு செயலுக்கும் இடம், செய்பவர், கருவிகள், பல்வகை முயற்சிகள், தெய்வம் என ஐந்து காரணங்களைச் சொல்லி, தான் ஒருவனே செய்தவன் என்று எண்ணுபவனைத் தெளிவற்றவன் என்கிறது. அக்கூற்றைச் செய்தவன் தானல்லன் என்று எவரும் ஒதுங்கிக்கொள்வதற்குத் துணையாகக் கொள்ளலாகாது. ஐந்தனுள் ஒன்றாகத் தான் இருப்பதை ஒப்புக்கொள்ளவும் அது வேண்டுகிறது.

இவ்விடத்தில் திருக்கடையூரே ஈன்ற ஒரு தத்துவ நூலை நினைக்க வேண்டும். சைவசித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றான திருக்களிற்றுப்படியாரை இயற்றியவர் திருக்கடவூர் உய்யவந்த தேவநாயனார். அந்நூல் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தில்லைப் பொன்னம்பலத்தின் களிற்றுப்படியில் வைக்கப்பட்டபோது கல்யானை அதைத் தன் துதிக்கையால் எடுத்துக் கூத்தப்பெருமானின் திருவடியில் வைத்தது என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் வரலாறு. அடியார்களின் செயல்களை மெல்வினை, வல்வினை என இருவகையாக்கிப் பேசுவது அந்நூலின் சிறப்பு. சரியை, கிரியை, யோகம் என்னும் நெறிகளில் நின்று அமைதியாகச் செய்யும் தொண்டு மெல்வினை. தந்தையின் தாளைத் துணித்த சண்டேசுரரும் பிள்ளையை அரிந்த சிறுத்தொண்டரும் செய்தவை போல உலகியல் நோக்கில் செய்தற்கரியனவாய், கொடியனவாய்த் தோன்றுபவை வல்வினை. தன்முனைப்பு முற்றும் அற்று, செயல் இறைவனுடையதே என்றாகிவிட்ட நிலையில் அவ்வல்வினையும் சிவத்தொண்டாயிற்று. இந்தக் கோட்பாட்டைப் படைக்கலம் ஏந்தும் எவரும் தமக்குச் சார்பாக எடுத்துக்கொண்டால் அது பெரும் கேடாய் முடியும். சண்டேசுரர் தம் வாழ்வில் வேறெதையும் காத்துக்கொள்ளவில்லை என்பதனாலேயே அவருடைய கோல் மழுவாயிற்று. ஊதியத்துக்கும் உரிமைக்கும் பெருமைக்கும் துப்பாக்கி சுமப்பவர் அந்நிலையைத் தமக்கு உரியதாகச் சொல்ல இயலாது. சாதாரண மாந்தருக்கு விதிக்கப்பட்டது மெல்வினையே. துப்பாக்கியின் வாரைத் தைப்பதும் அதன் வளையத்தைச் செப்பம் செய்வதும் மெல்வினையாக ஆகக்கூடுமா என்பதே இங்கே கேட்கத்தக்கது.

திருக்கடையூரைச் சூழ்ந்த புனித வரலாறுகள் மூன்றிலும் கயிறு முதன்மையான இடம் பெறுவது இதற்கு விடைகாண உதவுகிறது. முதலாவது, இத்தலத்தை அட்டவீரட்டங்களுள் ஒன்றாக்கிய காலசங்கார வரலாறு. பதினாறு வயதே விதிக்கப்பட்ட மார்க்கண்டேயர் இத்தலத்து இலிங்கமான அமிர்தகடேசுவரரைத் தழுவிக்கொண்டிருக்க, எமன் வீசிய பாசக்கயிறு சிறுவரோடு இலிங்கத்தையும் சுற்றி விழுந்தது. இறைவன் வெளிப்பட்டு இடக்காலால் எமனை உதைத்து வீழ்த்தினார். கயிறு பட்ட தழும்பு இலிங்கத் திருமேனியில் இன்றும் உள்ளது என்பது மரபு. ஆனால் வரலாறு அத்தோடு முடிவதில்லை. எமன் மாய்ந்தமையால் இறப்பே இல்லாமற்போய் உயிர்களின் சுமையைப் பொறுக்கமாட்டாத நிலமகள் முறையிட, இறைவன் எமனை உயிர்ப்பித்து அவன் பணியை அவனிடமே திருப்பிக் கொடுத்து, தம் அடியாரை அணுகலாகாது என்று எல்லையும் வகுத்தார். அறுபதாம் ஆண்டு நிறைவையும் சதாபிடேகத்தையும் நடத்திக்கொள்ள இத்தலத்துக்கு வரும் ஆயிரமாயிரம் தம்பதியர், எமன் ஒழிந்த இடத்தையன்று, எமனுக்கு எல்லை வகுக்கப்பட்ட இடத்தையே நாடி வருகிறார்கள். படைக்கலத்தை உலகிலிருந்து நீக்கிவிடாமல் அதற்கு அடக்கத்தைக் கற்பித்ததே இங்கே இறைவனின் தீர்ப்பு.

இரண்டாவது வரலாறு குங்கிலியக்கலய நாயனாருடையது. திருக்கடவூரில் பிறந்து, மனைவியின் தாலியை விற்றும் குங்கிலியத் தொண்டை விடாத அவர், திருப்பனந்தாளில் சாய்ந்திருந்த இலிங்கத்தைச் சோழனின் யானைகளாலும் நிமிர்த்த முடியவில்லை என்று கேட்டுச் சென்று, கயிற்றின் ஒரு முனையை இலிங்கத்தோடும் மறுமுனையைத் தம் கழுத்தோடும் பிணைத்து இழுத்து நிமிர்த்தினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. மூன்றாவது அபிராமி பட்டருடையது. சரபோசி மன்னர் தை அமாவாசையன்று திதி கேட்க, அபிராமி அம்மையின் முகவொளியில் மூழ்கியிருந்த பட்டர் பௌர்ணமி என்று சொல்லிவிட, எரியும் குழிக்குமேல் நூறு கயிறுகளில் தொங்கிய உறியில் அவர் ஏற்றப்பட்டார். அவர் பாடிய அபிராமி அந்தாதியின் பாடல் ஒன்று முடியுந்தோறும் கயிறு ஒன்று அறுக்கப்பட்டது. 79ஆம் பாடலின்போது அம்மை தன் தோட்டை வானில் எறிய அது நிலவாயிற்று என்பது இவ்வூர் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி.

மூன்று வரலாறுகளிலும் கயிறு கயிறாகவே இருக்கிறது. அறம் வேறுபடுவது இரண்டு இடங்களில். கயிற்றின் சுமை எவர்மேல் விழுகிறது என்பது ஒன்று; அதனால் வரும் ஆபத்து எவருக்கு என்பது மற்றொன்று. எமனின் கயிற்றில் பிடி ஒருவர் கையிலும் இறுக்கம் மற்றொருவர் கழுத்திலும் இருக்கிறது. கலயரின் கயிற்றில் சுமையும் வலியும் இழுப்பவருக்கே உரியவை. பட்டரின் உறியில் கயிறு ஓர் உயிரை நெருப்புக்கு மேலே தாங்குகிறது. தாங்கும் கயிறுகளை அறுப்பவரே அங்கே கேடு செய்பவர். துப்பாக்கியின் வாரை இந்த மூன்றனுள் எதிலும் முழுமையாக அடக்க முடியாது. சுமை, கலயருடையது போல, சுமப்பவரின் தோளிலேயே விழுகிறது. ஆபத்தோ, எமனின் கயிற்றில் போல, எதிரே நிற்பவருக்கு. வளையம் இற்றுவிடாமல் நிற்கும்வரை, பட்டரின் உறியைப் போல, அது ஒரு விபத்தைத் தடுத்தும் நிறுத்துகிறது. இக்கலப்புத் தன்மையே இதைப் பற்றிய தீர்ப்பைக் கடினமாக்குகிறது.

வாரின் மற்றொரு தன்மையும் கருதத்தக்கது. துப்பாக்கியின் உறுப்புகள் எல்லாம் கையைத் துப்பாக்கியோடு சேர்க்க, கையைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துவிடவும் துணைசெய்வது வார் ஒன்றே. வெள்ளத்தில் முதியவரைத் தூக்கிக் கரைசேர்க்கும் காவலரின் இரு கைகளும் ஒழிந்திருப்பது, துப்பாக்கியை அவர் முதுகுப்புறம் வார் தாங்குவதனாலேயே. அந்த வகையில் வார் படைக்கலத்தை ஓய்வில் வைக்கும் பொருள். ஆயினும் ஓய்வில் உள்ள படைக்கலமும் பேசாமல் இருப்பதில்லை. திருக்கடையூருக்குத் தெற்கே இதே படுகையைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உயிர்களைக் குடித்தது தீ. ஆனால் தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கிகளும் இருந்தன, அவற்றுக்கு அஞ்சி ஓடியவர்களே அக்குடிசைக்குள் புகுந்தார்கள். துப்பாக்கி ஒருவரைக் கொல்லாமலேயே பலரின் சாவுக்கு வழிவகுக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. தேர்தல் காலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வது, தோளில் தொங்கும் துப்பாக்கியே ஒரு செயல் என்பதை அரசும் ஏற்றிருப்பதைக் காட்டுகிறது. எனவே எவருடைய தோளுக்கு இந்த வார் என்ற கேள்வியைப் பழுதுபார்ப்பவர் கேட்காமல் விடுவதற்கில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கும்போது, படைக்கலத்தைத் தாங்கும் பிணைப்பைச் செப்பம் செய்பவருக்குரிய அறம் மூன்று கூறுகளாக அமைவதைக் காணலாம். முதலாவது அறிதல்: கொண்டுவந்தவர் எவர், உரிமை உடையவரா, எதற்காகச் சுமக்கிறார் என்பதை அறிந்த பிறகே வேலையை ஏற்பதும், ஐயம் எழுமிடத்தில் கூலியை இழந்தும் மறுப்பதும். சமணம் கயிற்றையும் கொலைக்கருவிகளோடு எண்ணியதன் பயன் இதுவே. இரண்டாவது செம்மை: ஏற்ற வேலையில் இற்ற மரத்தின்மேல் பூச்சிட்டு மறைக்காமலும், தேய்ந்த ஆணியை மறுபடியும் செருகாமலும், படைக்கலம் எவர் எண்ணமும் இல்லாமல் தானே கொன்றுவிடாதபடி காப்பது. கைத்திறனும் அறமும் இங்கே பிரிக்க முடியாதவை. வேலையில் செய்யும் சிறு ஏமாற்று, பிறர் உயிரோடு விளையாடுவதாகிவிடும். மூன்றாவது ஒப்புதல்: தாம் தைத்தது வார் மட்டுமே என்று ஒதுங்காமல், அந்த வாரில் தொங்குவது எது என்பதை மனத்தில் இருத்தியே தைப்பது. இம்மூன்றும் கூடிய இடத்தில் அப்பணி உய்யவந்த தேவநாயனார் சொன்ன மெல்வினைக்கு நெருங்கி வருகிறது; எமனிடம் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தபோது இறைவன் வகுத்த எல்லையைத் தன் சிறிய அளவில் அது பின்பற்றுகிறது. மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் பௌத்தமும் சமணமும் தந்த கண்டிப்பான தீர்ப்பே அதற்கு முழுமையாகப் பொருந்தும்.

மகாநவமியன்று காவிரிப் படுகையின் வீடுகளில் அரிவாளும் கலப்பையும் மரக்காலும் சந்தனம் குங்குமம் பெறுவது போலவே, காவல்துறையின் படைக்கல அறைகளில் துப்பாக்கிகளும் மாலை சூட்டி வணங்கப்படுகின்றன. அன்றைக்குச் செய்யத்தக்க முதல் வழிபாடு, மாலையைச் சூட்டுவதற்கு முன் ஒவ்வொரு வளையத்தையும் அசைத்துப் பார்த்து, ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கி, இற்ற வாரை வெட்டி எறிவதாகும். கருவியைத் தெய்வமாக மதிப்பது அதனால் எவருக்கும் வீணான தீங்கு நேராமல் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கொலையின் வினை சுட்டவரையும் ஏவியவரையும் சேரும். கழன்று விழுந்த துப்பாக்கியால் நேர்ந்த சாவின் வினை, கழலும் என்று அறிந்தும் கைவிட்டவரைச் சேரும். தீயவர் என்று அறிந்தே ஒருவரின் தோளுக்கு வார் பொருத்திக் கொடுத்தவர், வளையத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்றாலும், அந்தத் தீமைக்குத் துணைநின்ற வினையைத் தமக்கென ஈட்டிக்கொண்டவரே ஆவார்.